மூணு காக்கி

"உங்க கம்பி என் சட்டிக்குள்ள சுத்துதுண்ணே! காதுல விழுதா? சட்டிக்குள்ள!"

"சட்டியை யாரு அங்க கொண்டுவந்து வைக்கச் சொன்னா?"

"அது என் கிச்சன். என் கிச்சன்ல வைக்காம உங்க தலை மேலயா வைப்பேன்?"

ஆரிஃபாவின் தலைத்துணியிலிருந்து தேங்காய்ப் பால் சொட்டிக்கொண்டிருந்தது. எதிரே நின்ற ஜெயராஜின் சட்டையில் எப்போதும்போல மிஷின் எண்ணெய். காலை பத்தரை மணி. எதிர்க்கடையில் ரவிக்கைக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்த நான் அதை அப்படியே போட்டுவிட்டு வந்துவிட்டேன். கிள்ளானில் மேரு ரோட்டுக்குப் பின்னால் இருக்கிற எங்கள் கடை வரிசையில் சண்டை ஒன்றும் புதிதில்லை. ஆனால் தேங்காய்ப் பாலோடு நடந்தது அதுதான் முதல் தடவை.

விஷயம் இதுதான். ஜெயராஜின் பட்டறை இருபதடி அகலம். அதில் குறுக்குவாட்டில் ஒரு ஆட்டோமேட்டிக் லேத்து. பாமாயில் எடுக்கிற செம்பனைத் தோட்டங்களில் மருந்து அடிக்கிற பம்பு இருக்கிறதே, அதன் முனைக்குப் பித்தளை மூக்கு கடைந்து கொடுப்பதுதான் வேலை. பித்தளைக் கம்பி பன்னிரண்டடி நீளத்தில் வரும். அதை லேத்தின் பின்பக்கமாகச் செருகினால் மிஷினே இழுத்து இழுத்துக் கடைந்து, வெட்டிப் போடும். கம்பியும் கூடவே சுற்றும். மிஷின் எட்டடி, அதற்குப் பின்னால் பன்னிரண்டடி கம்பி, செருகுவதற்குக் கொஞ்சம் இடம். கணக்குப் போட்டால் சுவர் இடிக்கிறது. அதனால் ஜெயராஜ் சுவரில் கை நுழைகிற அளவுக்கு ஓட்டை போட்டு, ஒரு குழாயைச் செருகிவிட்டார். அந்தப் பக்கம் அப்போது மெத்தைக் கடை. மெத்தை எங்கே புகார் கொடுக்கும்?

போன வருஷம் மெத்தைக் கடை காலியாகி, ஆரிஃபாவின் கணவர் கௌஸ் தங்கள் சாப்பாட்டுக் கடையின் கிச்சனை அங்கே நீட்டினார். ஓட்டைக்கு நேராக ஒரு வாளியைக் கவிழ்த்து மாட்டி, ஏதோ சமாளித்தார்கள். அன்றைக்குக் கம்பியின் வால் லேசாக வளைந்திருக்கிறது. சுற்றின சுற்றில் வாளியை எகிறடித்து, தேங்காய்ப் பால் அண்டாவைக் கலக்கி, ஆரிஃபாவின் மேலேயே கவிழ்த்துவிட்டது.

"ஓட்டை முதல்ல வந்துச்சு தங்கச்சி. நீங்க அப்புறம்தான் வந்தீங்க" என்றார் ஜெயராஜ்.

"ஓட்டைக்கு ஐசி கார்டு இருக்கா? கொண்டு வரச் சொல்லுங்க. பொறந்த தேதியைப் பாத்து யாரு மூத்தவங்கன்னு முடிவு பண்ணுவோம்."

கூட்டம் சிரித்தது. கௌஸ் மட்டும் சிரிக்கவில்லை. அவர் சத்தம் போடாத மனிதர், எங்கள் வரிசைக்கே 'நானா', அதாவது அண்ணன். அவர் மெதுவாகப் பேசினால்தான் எல்லோருக்கும் பயம்.

"ஜெயராஜு, நோன்புக்கு இன்னும் அஞ்சு வாரம் இருக்கு. நோன்புல அந்த இடத்துல எட்டு பேரு நின்னு கஞ்சி காய்ச்சுவாங்க. அதுக்கு முந்தின வெள்ளிக்கிழமை கொத்தனாரைக் கூட்டிட்டு வந்து அந்த ஓட்டையை நானே அடைச்சிருவேன். அதுக்குள்ள உங்க மிஷின் உங்க சுவத்துக்குள்ள அடங்கணும். இல்லன்னா வேற எடம் பாத்துக்குங்க லா."

"எட்டடி மிஷினை எப்படி நானா மடிச்சு வைக்கிறது?"

"அடக்கிடலாம் நானா" என்று உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது. ஜெயராஜின் தங்கை மலர்விழி. கையைக் கந்தல் துணியில் துடைத்தபடி வாசலில் வந்து நின்றாள். "அஞ்சு வாரம் போதும்."

ஜெயராஜ் அவளைப் பார்த்த பார்வையில் இன்னொரு அண்டா கவிழ்ந்திருக்க வேண்டும்.

மலர்விழிக்கு முப்பத்தொன்று. ஷா ஆலமில் ஒரு தொழிற்சாலையில் எட்டு வருஷம் இதே மாதிரி லேத்துகளைப் பழுது பார்த்துவிட்டு, போன வருஷம் வேலையை விட்டு அண்ணன் பட்டறைக்கு வந்தவள். வேலை போய்விட்டது என்று ஒரு பேச்சு. காதல் தோல்வி என்று இன்னொரு பேச்சு, அது என் கடையில்தான் ஆரம்பித்தது என்று பிறகு சொன்னார்கள். உண்மையில் அங்கே அவளை ஆபிசுக்கு மாற்றப் பார்த்திருக்கிறார்கள். உட்கார்ந்து ஃபாரம் நிரப்பப் பிடிக்காமல் வந்துவிட்டாள்.

இந்தச் சண்டை முடிந்த அன்றைக்கே ஜெயராஜின் மனைவி குமுதா ரவாங்குக்குப் போன் போட்டாள். அவள் தம்பி ராதாகிருஷ்ணனுக்கு அங்கே பெரிய பட்டறை; பாதி இடம் சும்மா கிடக்கிறது. "வாங்கன்னு நாலு வருஷமா கூப்பிடுறான். அம்மா வீடும் பக்கம். மலருக்கும் அங்க நல்ல எடம் இருக்கு, ஆபிஸ்ல உக்காந்து போன் எடுக்கலாம், ஏர்கோன் போட்டிருக்கான்" என்று ஒவ்வொரு கடையாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். கேட்ட எங்களுக்கெல்லாம் அது நல்ல ஏற்பாடாகத்தான் பட்டது. மலர்விழிக்கு மட்டும் அது ஷா ஆலமில் தப்பித்த அதே நாற்காலி. ராதாகிருஷ்ணன் பட்டறையில் கம்ப்யூட்டர் மிஷின்கள் ஏற்கெனவே இருக்கின்றன, ஓட்ட ஆளும் இருக்கிறது. அவள் நோட்டில் இரண்டு வருஷமாகப் படம் போட்டு வைத்திருந்த லேத்துக்கு அங்கே யாரும் இடம் கொடுக்கப் போவதில்லை. இங்கே செய்தால் உண்டு.

அந்தப் படத்தை அவள் அண்ணனுக்கு விளக்கியது கௌஸ் கடையில். பக்கத்து மேசையில் ஒரு வேலையும் இல்லாமல்தான் உட்கார்ந்திருந்தேன்.

மலர்விழி உறிஞ்சுகுழலை எடுத்துத் தட்டுக்கு மேலே செங்குத்தாகப் பிடித்தாள். "கம்பி படுத்துக்கிட்டேதான் சுத்தணும்னு யாருண்ணே சொன்னது? நிக்க வைப்போம்."

"நிக்க வைச்சா மேல் மாடியில ரெங்கசாமி அங்கிளோட கட்டிலைக் குத்தும்."

"பன்னிரண்டடியா நிக்க வைக்கச் சொல்றேன்? நாலா வெட்டிடுவோம். மூணடி கம்பி. படுத்திருக்கிற கம்பியைத் தள்ளுறதுக்கு ஒரு மோட்டாரு, பிடிக்க ஒரு நீளக் குழாயி, குழாயைத் தாங்க முட்டுக்கட்டை. நம்ம மிஷின்ல பாதி நீளம் கம்பியை நகர்த்தத்தான் இருக்கு. நிக்கிற கம்பி தன்னோட எடையில தானே எறங்கும். கவ்வி திறந்தா எறங்கும், மூடினா நிக்கும். அவ்வளவுதான்."

"நாலா வெட்டினா நாலு வால் வீணாப் போகும். பித்தளை என்ன தண்ணியிலயா வருது?"

"போகாது. முதல் கம்பி தீரும்போதே மேல அடுத்த கம்பியைப் போட்டுட்டா, அதோட பாரம் கீழ இருக்கிற துண்டையும் தள்ளிடும். கட்டைவிரல் அளவுதான் மிஞ்சும். கடைஞ்ச பித்தளைச் சுருளும் கீழயே விழுந்துடும், வாரிப் போட ஆள் வேணாம்."

ஜெயராஜ் உறிஞ்சுகுழலைப் பிடுங்கித் தன் டம்ளரில் போட்டார். "நீ சொல்றது லேத்தா, முறுக்கு அச்சா?"

"முறுக்கு அச்சு சின்னதாத்தானே இருக்கு."

ஜெயராஜ் கோபமாக எழுந்து போனார். ஆனால் மறுநாள் பழைய கியர்ப் பெட்டி ஒன்றைக் கழற்றி அவள் மேசையில் வைத்துவிட்டுப் போனதையும் நான் பார்த்தேன்.

பம்பு கம்பெனியிலிருந்து பொருளைச் சோதிக்க வருகிற பையன் குகன், பிரிக்ஃபீல்ட்ஸ்காரன். கெடு முடிகிற வெள்ளிக்கிழமை புது மிஷினில் கடைந்த முந்நூறு மூக்குகளைப் பார்ப்பான். சரியாக இருந்தால் ஆர்டர் தொடரும், இல்லையென்றால் ஜெயராஜ் ரவாங்குக்குப் போவதைத் தவிர வழியில்லை. இதுதான் அண்ணனும் தங்கையும் பேசி வைத்த ஏற்பாடு. அதைச் சொல்ல வந்த குகன் மலர்விழியோடு அரை மணி நேரம் நின்று பேசினான். மேல் மாடி ரெங்கசாமி ஜாதகம் பார்க்கிறவர். அவர் அன்றைக்கே பையனின் நட்சத்திரத்தை விசாரிக்க ஆரம்பித்துவிட்டார்.

வேலை நடந்தது. வட்டமான தட்டின் நடுவில் சுற்றும் குழாய், நாலு பக்கத்திலிருந்தும் கம்பியை நோக்கி வருகிற நாலு கைகள். ஒரு கை கம்பியை நிறுத்த, ஒரு கை ஓரம் சீவ, ஒரு கை வடிவம் கடைய, ஒரு கை வெட்ட. ஓட்டை போட அடியிலிருந்து ஒரு ட்ரில். இந்தக் கைகளைச் சரியான நேரத்தில் தள்ளிவிட மேடு பள்ளமாக ஒரு வளையம். அது மெதுவாகச் சுற்றும். இவ்வளவும் எனக்கே புரிந்தது என்றால் பாருங்கள்.

தப்பு நடந்தது மிஷினில் இல்லை, ஸ்டேண்டில்.

காப்பார் ரோட்டில் வெல்டிங் கடை வைத்திருக்கிற அய்யாவுவிடம்தான் ஸ்டேண்ட் செய்யக் கொடுத்தாள். அய்யாவுவின் போன் கண்ணாடி உடைந்து பல மாதம் ஆகிறது. படம் அனுப்பினால் சிலந்தி வலைதான் தெரியும். "படம் வேணாம்மா, வாயால சொல்லு" என்பார். மலர்விழி பட்டறை வாசலில், எங்கள் வரிசையில் காக்கி லீமா என்று சொல்கிற அந்த அஞ்சடி நடைபாதையில் நின்றுகொண்டு, மிஷின் சத்தத்துக்கு மேலே கத்திக் குரலைப் பதிந்து அனுப்பினாள்:

"அங்கிள், ஸ்டேண்ட் மூணு காக்கி! மேல வட்டத் தட்டு, இருவது இஞ்சு! நல்ல பாரம் தாங்கணும்! எண்ணெய் ஒழுகும், பாத்து செய்யுங்க!"

மேலே ஜன்னலோரம் இருந்த ரெங்கசாமிக்கு 'மூணு காக்கி' மட்டும்தான் கேட்டிருக்கிறது. மூன்று அதிகாரிகள் காக்கிச் சட்டையில் வருகிறார்கள் என்று நினைத்து, நடைபாதையை அடைத்து வைத்திருந்த தன் ஜாதகப் பலகையை மேலே தூக்கிக்கொண்டு போய்விட்டார். இரண்டு நாள் நாங்கள் எல்லோரும் நிம்மதியாக நடந்தோம்.

மலர்விழி சொன்னது உயரம். மலாயில் அடிக்கும் காக்கிதான், காலுக்கும் காக்கிதான். தொழிற்சாலையில் அவள் பழகினவர்கள் எல்லாம் மூணடியை மூணு காக்கி என்பார்கள். அய்யாவுவுக்கு அளவென்றால் அடி, காக்கி என்றால் கால். தவிர அவர் அப்போது இருந்த நிலையையும் பார்க்க வேண்டும். தைப்பூசம் நெருங்கிவிட்டது, கடை முழுக்கக் காவடிச் சட்டங்கள், பத்துமலையில் மூன்று அன்னதானப் பந்தலுக்கு அடுப்பு வேறு. வட்டத் தட்டு, நல்ல பாரம், எண்ணெய் ஒழுகும். வேறென்னவாக இருக்க முடியும்?

தைப்பூசத்துக்கு மூன்று நாள் முன்பு சின்ன லோரியில் வந்து இறங்கியது. மூன்று கால். ஒன்றரை அடி உயரம். வடை சட்டி வைக்க அருமையான ஸ்டேண்ட்.

"என்ன அங்கிள் இது?"

"நீ கேட்டதுதாம்மா. முந்நூறு கிலோ தாங்கும். எந்தக் கோயிலுக்கு?"

அதற்குள் குமுதா வந்துவிட்டாள். "மலரு, லேத்து வேணாம்னு கேட்டரிங் ஆரம்பிச்சிட்டியா? ஒரு வார்த்தை சொல்லலியே!"

ஆரிஃபா அடுத்த வாசலிலிருந்து, "பக்கத்துலயே போட்டியா? நல்லா இருக்கே கதை!" என்றாள். அவள் விளையாட்டுக்குச் சொன்னாளா என்று எனக்கு இன்று வரை உறுதியில்லை.

"மாத்திக் குடுங்க அங்கிள். மூணடி உயரம், நாலு கால்."

"இப்பவா? காவடி எல்லாம் பத்துமலை போய்த் திரும்பி, நான் மொட்டை போட்டு, அப்புறம் ஒரு வாரம் கடை திறக்க மாட்டேன். மாசக் கடைசின்னா பாக்கலாம்."

மாசக் கடைசியில்தான் அந்த வெள்ளிக்கிழமை.

குமுதா அன்று சாயங்காலமே ராதாகிருஷ்ணனிடம் இடத்தைக் கூட்டி வைக்கச் சொல்லிவிட்டாள். மலர்விழி ஒரு பிளாஸ்டிக் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து அந்த ஸ்டேண்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழுவாள் என்று நான் இரண்டு தடவை எட்டிப் பார்த்தேன். அழவில்லை. எழுந்து போய் அதை ஓர் உதை விட்டாள். ஸ்டேண்ட் ஆடவில்லை. இடம் மாற்றி வைத்து மறுபடி உதைத்தாள். அப்போதும் ஆடவில்லை.

எங்கள் வரிசையில் எல்லாக் கடைத் தரையும் பின்பக்கச் சாக்கடையைப் பார்த்துச் சரிந்திருக்கும். என் தையல் மிஷின் காலுக்குக் கீழே மடித்த அட்டை இருக்கும். ஜெயராஜின் பெரிய லேத்துக்கு இரும்புத் தகடுகள். அது ஆடி ஆடி அவை நகர்ந்துவிடும், ஒவ்வொரு திங்கட்கிழமையும் குனிந்து தட்டிக்கொண்டிருப்பார். நாலு காலில் ஒன்று எப்போதும் அந்தரத்தில்தான். மூன்று காலுக்கு அந்தத் தொல்லையில்லை, எந்தத் தரையிலும் மூன்றும் ஊன்றும்.

மறுநாள் காலையில் அண்ணன் தங்கை சண்டை.

"நாலு கை வேணும்னு நீதானே படம் போட்டே?"

"காலுக்கு நேர் மேல கை இருந்தாத்தான் வெட்டும்போது தட்டு அதிராது. மூணு கால்தானே இருக்கு. மூணு கை போதும்."

"காலுக்கு ஏத்த மாதிரி கையைக் குறைக்கிறியா? உலகத்துல எவனாவது இப்படி மிஷின் செஞ்சிருக்கானா?"

"கம்பியை நிறுத்துறதுக்குன்னு தனியா ஒரு கை எதுக்குண்ணே? வேற வேலையே இல்லாம நிக்குது. ஓரம் சீவுற கைக்கு அடியிலயே ஒரு கெட்டித் தட்டு வைச்சிடுறேன். கம்பி அது மேல எறங்கி நிக்கட்டும். கவ்வி பிடிச்சதும் அதே கை சீவிட்டுப் போயிடும்."

"உயரம்? ஒன்றரை அடியில வைச்சு, அம்மி அரைக்கிற மாதிரி உக்காந்து வேலை பாப்பியா?"

"உக்காந்துதான் பாப்பேன். மூணடியில வைச்சிருந்தா கம்பி போட ஏணி வேணும். இப்ப ஒரு ஸ்டூல் போதும். அது நான் யோசிக்காம விட்டது."

ஜெயராஜ் என்னைப் பார்த்து, "கேட்டீங்களாக்கா?" என்றார். கேட்காமல் என்ன.

வெள்ளிக்கிழமை வந்தது. காலை ஒன்பது மணிக்கே கௌஸின் கொத்தனார் சுவர் ஓரம் செங்கல்லை அடுக்கி, சிமெண்டைக் குழைத்துவிட்டார். குகன் தன் அளவுக் கட்டையோடு வந்தான். அதன் ஒரு முனை மூக்கின் துளைக்குள் போக வேண்டும், மறு முனை போகக் கூடாது. பட்டறையின் நடுவில் புது மிஷின் நின்றது. உச்சி வரை ஆறரை அடி; அகலம் என் வெட்டு மேசையில் பாதி. மறைக்க எதுவும் இல்லாததால் உள்ளே நடப்பதெல்லாம் வெளியே தெரிந்தது.

மலர்விழி ஸ்டூலில் ஏறிக் கம்பியைப் போட்டாள், இறங்கி உட்கார்ந்து, சுவிட்சைத் தட்டினாள். கம்பி இறங்கியது, கைகள் வந்து போயின, டக் என்று ஒரு பித்தளை மூக்கு தட்டில் விழுந்தது. பிறகு இன்னொன்று. குகன் ஒவ்வொன்றாகச் செருகிப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டே வந்தான். முதல் கம்பி குறைந்ததும் மேலே அடுத்ததைப் போட்டாள். அப்படியே தொடர்ந்து நடந்து, நூற்றுச்சொச்சத்தில் நின்றுவிட்டது. மோட்டார் சுற்றுகிறது, கைகள் வருகின்றன போகின்றன, ஒன்றும் விழவில்லை.

"கம்பி எறங்கலை" என்றான் குகன்.

குமுதா கைப்பையைத் திறந்து போனை எடுத்தாள்.

"பாஸ், சிமெண்டு காயுது" என்றார் கொத்தனார்.

மலர்விழி மிஷினை நிறுத்தி, கம்பியை உருவி, அதன் முனையை விரலால் தடவினாள். வாள் அறுத்த இடத்தில் பொடிப் பொடியாகப் பிசிறு. குழாய்க்குள் அதுதான் மாட்டிக்கொண்டிருக்கிறது. அன்று காலை கம்பிகளை நாலாக அறுத்தது ஜெயராஜ். உதவி செய்கிறேன் என்று தானாகவே அறுத்தார். பன்னிரண்டடி கம்பியை முழுசாகச் செருகியே பழகினவர், அறுத்த முனையை ராவ வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

அவள் அதைச் சொல்லவில்லை. குகனுக்கு முன்னால் அண்ணனைப் பார்க்கக்கூட இல்லை. அரத்தை எடுத்து முனையை ராவ ஆரம்பித்தாள். ஜெயராஜ் வந்து அவள் கையிலிருந்து அரத்தை வாங்கிக்கொண்டார்.

"நீ போய் மிஷினைப் பாரு. மிச்சத்தை நான் ராவுறேன்."

அதற்குப் பிறகு நிற்கவில்லை. ஆரிஃபா எல்லோருக்கும் தே தாரிக் கொடுத்தனுப்பினாள். தகராறு இருந்தாலும் டீ தராமல் இருக்க அவளால் முடியாது. ஜெயராஜ் ஒரு வாய் குடித்துவிட்டு, டம்ளரைக் கையெட்டுகிற இடத்தில் வைத்துவிட்டு ராவிக்கொண்டிருந்தார். அவர் வைத்தது ஓடிக்கொண்டிருந்த மிஷினின் வட்டத் தட்டு ஓரத்தில். பழைய லேத்தின் மேல் எதை வைத்தாலும் தானாக நகர்ந்து கீழே விழும். இது அங்கேயே இருந்தது, நுரைகூடக் கலையவில்லை. அவர் அதைக் கவனித்ததும், உடனே வேறு பக்கம் பார்த்ததும், மறுபடி கவனித்ததும் எனக்குத் தெரியும்.

முந்நூறில் இரண்டு தேறவில்லை. "ஏழு வரைக்கும் விடுவோம்" என்று சொல்லி குகன் கையெழுத்துப் போட்டான்.

பகல் தொழுகைக்கு முன்பே கொத்தனார் ஓட்டையை அடைத்துப் பூசிவிட்டார். பெரிய லேத்து அன்றோடு நின்றது. ஜெயராஜ் ஒரு வாரம் அதைத் துடைத்துத் துடைத்து வைத்தார். பிறகு ஒரு நாள் தங்கையிடம், "உன் மிஷினுக்கு இந்த எடம் போதும். என்னோடதுக்குப் போதாது" என்றார். அதற்கு மேல் அவர் எதுவும் பேசியதாக எனக்குத் தகவல் இல்லை.

நோன்புப் பெருநாளான ஹரிராயா முடிந்த மறுவாரம் பெரிய லேத்தை லோரியில் ஏற்றிக்கொண்டு ஜெயராஜும் குமுதாவும் ரவாங்குக்குக் குடிபோனார்கள். அங்கே அதன் வாலுக்கு முப்பதடி இடம் இருக்கிறதாம். குமுதாவுக்கு அம்மா வீடு பக்கம். ஆனால் இப்போது அம்மாவோடுதான் சண்டை என்று கேள்வி. ராதாகிருஷ்ணன் ஆபிசில் போன் எடுக்க வேறொரு பெண்ணை வைத்துவிட்டான்.

குகன் ஜூன் மாதம் பிரிக்ஃபீல்ட்ஸில் ஷாமினி என்கிற நர்ஸைக் கட்டிக்கொண்டான். மூன்று வருஷப் பழக்கமாம், எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. மலர்விழி கல்யாணத்துக்குப் போய் மொய் எழுதி, சாப்பிட்டுவிட்டு வந்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. நான் வாசலிலேயே நின்று பார்த்தேன். பொருத்தம் எட்டு என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்த ரெங்கசாமி, அதற்கடுத்த மாதம் ஷா ஆலமில் இருக்கிற மகள் வீட்டோடு போய்விட்டார்.

அவர் காலி செய்த மேல் மாடியை மலர்விழி எடுத்துக்கொண்டு குடிவந்திருக்கிறாள். ஆறு மணிக்கு விளக்கு எரிகிறது, ஏழரைக்குக் கீழே இறங்கிப் பட்டறையைத் திறக்கிறாள். ஜன்னலில் காயப்போடுவது எல்லாம் அவள் துணிதான். என் கடையிலிருந்து நன்றாகத் தெரியும்.